ஜமுனாமரத்தூரில் எனக்கு வைத்த பெயர்

குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கையில் சில சொற்களை மாற்றப் போகிறார்களாம். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டுமாகப் பேசி முடித்திருப்பார்கள். இந்த முறையும் மலைமேல் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கொள்கையிலிருந்து ஒரு பெயரை மேடையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தவள் நான்.

அப்போது மூன்றாம் வகுப்பு. சாமை அடித்து முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் குடகுக்குக் காபிப் பழம் பறிக்கப் போவார்கள். புளி உலுக்கும் நேரத்துக்குத் திரும்புவார்கள். அதுவரை நான் அம்மாவின் தம்பி வீட்டில், அதாவது மாமா வீட்டில். அக்கா பிள்ளையைத் தம்பி வைத்துக்கொள்வதற்கு எங்கள் பக்கம் யாரும் உதவி என்று கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சட்டியில் களி தின்றுவிட்டு, ஒரே கிழிந்த போர்வைக்கு அடித்துக்கொள்ளும். அந்தச் சண்டையில் மாமாவின் மகனிடம் தினமும் நான்தான் தோற்றேன்.

ஒருநாள் ஜமுனாமரத்தூர் மண்டபத்தில் கூட்டம் என்று எல்லோரையும் வரச்சொன்னார்கள். கீழேயிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். அப்பா, அம்மா ஊரில் இல்லாத பிள்ளைகள் மட்டும் மேடைக்கு வரலாம், போர்வை தருகிறோம் என்று ஓர் அதிகாரி அம்மாள் மைக்கில் அழைத்தார். மாமாவே என் முதுகில் தட்டி முன்னால் தள்ளினார். அவர் மட்டுமா, அங்கிருந்த மாமாக்கள் எல்லோரும் அவரவர் அக்கா தங்கை பிள்ளைகளைப் பெருமையாகத் தள்ளிவிட்டார்கள். யாருக்குத் தெரியும், பாவம்.

எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சிவப்புப் போர்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். பிறகு அந்த அம்மாள் எங்களுக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்து உரக்க வாசித்தார்: "கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு நலத்திட்ட உதவி." எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அச்சடித்து மலையேற்றிக் கொண்டுவந்த பெயர் அது.

மாமா எழுந்துவிட்டார்.

"இன்னாங்க இது? யாருங்க கைவுட்டது? எங்கக்கா வேலைக்குப் போயிருக்குது. பொண்ணு என் வூட்லதான இருக்குது. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். "கோவப்படாதீங்க. உங்களை யாரும் குறை சொல்லலை. கொள்கையில அப்படித்தான் வார்த்தை இருக்கு."

"அத்த எழுதும்போது எங்கள ஒரு வார்த்த கேக்கலாம்லங்க? மாமன் வூட்டுப் புள்ளன்னு நாங்களே சொல்லியிருப்போமே."

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. அன்றைக்கோ என் கோபம் முழுக்க மாமா மேல்தான். போர்வையை உருவி மேசைமேல் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாரே! பஸ்ஸில் ஊர்வரைக்கும் அழுதேன். "அவங்க இன்னா சொன்னா நமக்கு இன்னா மாமா, போர்வ கெடச்சிருக்கும்ல" என்றுகூடக் கேட்டேன்.

மேடையில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றிக் குடகுக்கே போய்விட்டது. அந்தப் பேனருக்குக் கீழே நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கூடப் பழம் பறிக்கிறவர்கள் அதை அம்மாவிடம் காட்டி, எழுத்தையும் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். சீசன் பாதியிலேயே அம்மா வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா மட்டும்தான் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கம்மா இனிமேல் போகமாட்டாள் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். ஒருவர் கூலியில் வீட்டுக் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு வந்தது. அதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மாமா வீட்டுக்குப் போனவள், பழைய பழக்கத்தில் அங்கேயே சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்ததும் மாமாதான் கூட்டிவந்தார். வாசலில் கால் வைத்ததுமே அம்மா புளிய விளாரால் விளாசினாள். அதுவரை அவள் என்னை ஓர் அடி அடித்ததில்லை.

"நான் உசுரோட இருக்கறப்ப உனுக்கு அங்க இன்னாடி வேல?"

மாமா உள்ளே வரவில்லை. அப்படியே திரும்பிப் போனார். அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ சண்டை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.