இரண்டு அமிலம், ஒரே ஆறு புள்ளி ஏழு

இரண்டாயிரத்து ஏழில் நான் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். லேபில் எனக்குப் பக்கத்து இடம் ஒரு காடாம்புலியூர்ப் பெண்ணுக்கு. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவளோடு எனக்குச் சண்டையும் கிடையாது, பெரிய சிநேகமும் கிடையாது. ஊரிலிருந்து அவள் கொண்டுவரும் முந்திரிப்பருப்பைத் தின்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் எங்களுக்கு வந்த சோதனை, அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்ப்பது. எனக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும். அவளுக்கு நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். அளவும் செறிவும் இருவருக்கும் ஒன்றுதான். பிறகு இருவருமே அசிட்டிக் அமிலத்தை வைத்து இன்னொரு முறை செய்ய வேண்டும். எனக்கு முதல் சோதனையில் 6.7 டிகிரி ஏறியது. மறுநாள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க லேப் மேடத்தின் முன்னால் நின்றபோது அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். அதிலும் 6.7.

எனக்கு வந்ததே கோபம். அமிலம் வேறு, காரம் வேறு, விடை மட்டும் எப்படி ஒன்றாகும்? அடிப்பாவி, அப்படியே இறக்கி வைத்திருக்கிறாளே. கொஞ்சம் மாற்றிப் போடக்கூடவா தெரியாது?

“மேடம், இவ என் தெர்மாமீட்டரப் பாத்து எழுதிட்டா” என்று லேபுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

மேடத்தின் பேனா நின்றது. காப்பி என்றால் கையெழுத்துக் கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அந்த வயதில் என் வாய் அப்படி.

அவள் அழவில்லை. “நான் யாருதையும் பாத்து எழுதல மேடம். போர்டுல போட்டுக் காட்டட்டுமா?” என்றாள்.

போர்டில் இரண்டு வினைகளையும் அயனிகளாக உடைத்து எழுதினாள். என்னுடையதில் சோடியமும் குளோரைடும் இரண்டு பக்கமும் மாறாமல் இருந்தன. “இதுங்க சும்மா நிக்குதுங்க” என்று அடித்தாள். தன்னுடையதில் பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் அடித்தாள். இரண்டு வரியிலும் மிஞ்சியது இதுதான்:

H⁺ + OH⁻ → H₂O

“ரெண்டுலயும் நடக்கறது இது ஒண்ணுதான் மேடம். சூடும் ஒண்ணாத்தான் வரும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சமன்பாட்டை எழுதி எத்தனையோ தடவை மார்க் வாங்கியிருக்கிறேன். இரு பக்கமும் இருப்பதை அடி, மிச்சத்தை எழுது என்றால் எழுதுவேன். மிச்சம் இருப்பதுதான் உண்மையில் நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதோடு முடிந்திருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். மேடம் எங்கள் இரண்டு நோட்டிலும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அசிட்டிக் அமிலத்துக்கு அவளுடையது 6.4. என்னுடையது மறுபடியும் 6.7.

“அசிட்டிக் வீக் ஆசிட். பெரும்பாலும் உடையாமத்தான் இருக்கும், ஈக்வேஷன்லயும் முழுசாத்தான் எழுதணும். அது உடையறதுக்கே கொஞ்சம் சூடு செலவாயிடும். உனக்கு மட்டும் எப்படிம்மா கொறையல?” என்றார்.

அந்தச் சோதனையை நான் செய்யவே இல்லை. மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், அமிலம் எதுவானால் என்ன என்று முதல் விடையையே எழுதிவிட்டு ஓடியிருந்தேன். அமிலம் வேறானால் விடையும் வேறாக வேண்டும் என்று அவள்மேல் பழி போட்டவளும் நான்தான். சே, என்ன பிறவி நான்.

மேடம் அவளிடம் கேட்டார். “நீ பக்கத்துலதான இருந்த. இவ இத செஞ்சாளா?”

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவள் அவள். “மழ வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போ” என்றுகூடச் சொல்லியிருந்தாள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் ரெக்கார்டு போய்விடும்.

“தெரியாது மேடம்” என்றாள். “நான் அவ தெர்மாமீட்டரப் பாக்கவே இல்ல.”

என் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

“நான் செய்யல மேடம்” என்றேன்.