பல் டாக்டரின் எக்ஸ்டிராக்டர்

அட்டைப்பெட்டியைப் பிரித்து அந்தக் குழாயைக் கையில் எடுத்ததுமே இது ஏறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்போது நான் சுங்கை பினாங்கில் ஒரு கார்ப் பட்டறையில் இருந்தேன். அது என்னுடைய பதினோராவது வேலை. மீன்பிடிப் படகு, லாரி, கோழிப்பண்ணை எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். பட்டறையில் முதலாளியும் நானும் மட்டும்தான். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எந்தச் சாமான் பொருந்தாவிட்டாலும் அவர் கை சுத்தியலுக்குத்தான் போகும்.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். கார் முப்பது வருஷத்துப் பழசு, சிவப்பு நிறம், இரண்டே கதவு. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் கனத்த வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு, நான்கு மெல்லிய குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும் எக்ஸ்டிராக்டரை மாட்ட வேண்டும். மாட்டினால் எஞ்சின் லேசாக மூச்சு விடும், சத்தமும் கேட்க நன்றாக இருக்கும். டாக்டர் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். அந்த நாட்டில் ஸ்டீரிங் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். இந்த எஞ்சினில் புகை போவதும் வலப்பக்கம்தான். நம் ஊர்க் காரில் ஸ்டீரிங் கம்பி எங்கே இறங்குகிறதோ, சரியாக அங்கேதான் நான்காவது குழாய் வந்து நின்றது.

“டாக்டர், இது அந்தப் பக்கம் ஸ்டீரிங் இருக்கிற காருக்குச் செஞ்சது.”

“படத்துல எல்லாம் ஒரே மாதிரிதான்லா இருந்துச்சு.”

“படத்துல ஸ்டீரிங் கம்பியைக் காட்ட மாட்டாங்க டாக்டர்.”

“நீ மாட்டு. ஞாயித்துக்கிழமை பழைய கார் வெச்சிருக்கிற எல்லாரும் தெலுக் பகாங் போறோம். என் வைஃபும் வர்றாங்க.”

முதலாளி குறுக்கே புகுந்தார். “ஏத்திடலாம் டாக்டர். ஏறலென்னா ஏற வெப்போம்.”

தெலுக் பகாங் போகிற பாதையைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. அங்கே ஸ்டீரிங் ஒரு நொடி பிடித்துக்கொண்டால் போதும்.

பழைய இரும்பைக் கழற்றவே இரண்டு நாள் ஆனது. நட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் ஒரு போல்ட்டு உள்ளேயே முறிந்தது. அதைத் துளைத்தெடுக்கும்போது டிரில் ஊசி உடைந்து என் உள்ளங்கையில் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தைத் துளைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் இரும்பு வெளியே வந்தது. தூக்கி வாசலில் இருந்த பழைய இரும்புக் குவியலில் போட்டேன். போட்டது நான்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எக்ஸ்டிராக்டரை உள்ளே இறக்கினோம். நான்காவது குழாய்க்கும் ஸ்டீரிங் கம்பிக்கும் நடுவில் நகம்கூட நுழையவில்லை.

“அண்ணே, அந்த ஒரு குழாயை வெட்டி வேற வளைவு வெச்சு வெல்டிங் போடுவோம். ரெண்டு நாள் குடுங்க.”

“ரெண்டு நாளுக்கு எங்கடா போறது? கெத்தோக் பண்ணு.”

நான் தட்டவில்லை. அவரே குழாயைக் கழற்றித் தட்டினார். பக்கவாட்டில் பள்ளம் விழுந்தது. திரும்ப மாட்டியபோது ஒரு விரல் நுழைகிற அளவு இடைவெளி. “பாத்தியா, முடிஞ்சிச்சு” என்றார்.

முடியவில்லை. எஞ்சின் சிமெண்டில் கட்டி வைத்த சாமான் இல்லை. ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருஷத்தில் அந்த ரப்பர் தொய்ந்திருந்தது. எண்ணெய் மிதித்தால், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், எஞ்சின் ஒரு பக்கம் சாயும், குழாயும் கூடவே சாயும். போதாததற்கு ஸ்டீரிங் கம்பியின் இணைப்பிலும் ஒரு ரப்பர் வட்டு உண்டு. பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த குழாய் இருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

சாயங்காலம் டாக்டர் வந்தார். நான் உள்ளே உட்கார்ந்து வேகமாக மிதித்தேன். டொக். மறுபடி மிதித்தேன். டொக். அடி ஸ்டீரிங் வழியாக என் காயம்பட்ட கையில் வந்து விழுந்தது. முதலாளியின் கையை இழுத்து ஸ்டீரிங்கில் வைத்து மிதித்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

“புதுச் சாமான்லா. ஓட ஓடப் பழகிக்கும்” என்றார்.

டாக்டருக்கு அது எதுவும் காதில் விழவில்லை. பின்பக்கம் நின்று புகைக்குழாய்ச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “டாக்டர், நான் உங்க பல்லைக் கொறடால புடுங்கிட்டு, ஓட்டை பழகிக்கும்னு சொன்னா விடுவீங்களா?”

“டேய்!” என்றார் முதலாளி.

டாக்டர் சிரித்தார். “மொதல்ல படிச்சிட்டு வா. அப்புறம் புடுங்கலாம்.”

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர்கள் போன பிறகு, பழைய இரும்பையே திரும்ப மாட்டிவிடுவது என்று முடிவு செய்து வாசலுக்குப் போனேன். குவியல் இருந்த இடத்தில் துருக் கறை மட்டும் இருந்தது. எங்கள் பட்டறையில் அது ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரர் வருவார். அவர் கொடுப்பதில் அன்றைக்கு இரண்டு பேருக்கும் வாழை இலைச் சைவச் சாப்பாடு. அன்று பாயசத்தோடு நன்றாகச் சாப்பிட்டிருந்தேன், சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கி. அந்தக் காரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாமானைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறேன். ஊரையே திட்டுகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் இருந்த இரும்புக்காரரின் கிடங்குக்கு ஓடினேன். கிழவர் கையை விரித்தார். “ஹபிஸ் லா. லோரி சுடா பெர்கி.” எல்லாம் தீர்ந்தது, லாரி போய்விட்டது.

சனிக்கிழமைகளில் முதலாளி கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் வருவார். நான் ஏழு மணிக்கே கதவைத் திறந்தேன். எக்ஸ்டிராக்டரைக் கழற்றி, பிடியில் இறுக்கி, நான்காவது குழாயை இரண்டு இடத்தில் அறுத்தேன். பள்ளம் விழுந்த துண்டு தரையில் உருண்டது. கைக்குக் கிடைத்த வளைவுகளை வைத்து, கம்பியை விட்டு விலகிப் போகிற மாதிரி ஒன்றை அளந்து வெட்டி, பாதி ஒட்டியிருந்தேன். அப்போது முதலாளி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் டாக்டரும் வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டுடா வெட்டினே?”

“ஸ்டீரிங் கம்பியைக் கேட்டேன் டாக்டர்.”

“பைத்தியமா இவன்? நாளைக்கு நான் எதுலே போறது?”

“பஸ்ஸுலே போங்க. வீட்டுக்கு உசுரோட திரும்பலாம்.”

முதலாளி என் கையிலிருந்த வெல்டிங் முகமூடியைப் பிடுங்கினார். “ஸ்பேனரை வெச்சிட்டுக் கெளம்புடா.” என் சொந்த ஸ்பேனர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் அந்தக் கார் எங்கேயும் போகவில்லை.

இப்போது கெப்பாலா பத்தாஸில் நெல் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். பட்டறையை விட்டு மூன்று வாரம் கழித்து முதலாளி போனில் கூப்பிட்டார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“தம்பி, அந்த வளைவு எந்த சைஸு? நான் வெச்சா திரும்ப இடிக்குதுலா.”

போனை வைத்துவிடலாம் என்று விரல் பொத்தான் வரைக்கும் போனது. வைத்தால் அவர் சுத்தியலை எடுப்பார். அந்தக் காரில் டாக்டரின் மனைவி ஏறி உட்காருவார்.

“ஒண்ணரை இன்ச்சு குழாய், நாப்பத்தஞ்சு டிகிரி வளைவு ரெண்டு. மொதல் வளைவு கீழ பாத்து. எஞ்சின் ரப்பரையும் மாத்துங்க. எழுதிக்கிட்டீங்களா? திரும்பச் சொல்லுங்க.”

திரும்பச் சொன்னார். தப்பாகச் சொன்னார். மறுபடி சொல்லவைத்தேன். சரியாகச் சொல்லி முடித்த பிறகுதான், அத்தனை நாளும் வாயில் வைத்திருந்த கெட்ட வார்த்தையை அவரிடம் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.