பூட்டில் தரம் பிரித்த கதை

"கழற்றிய பாகத்தைக் கழற்றிய வரிசையிலேயே வைக்கவும். அளவு பார்த்து வைக்க வேண்டாம்."

இந்த விதியை எனக்கு அனுப்பி வைத்தவன் என் மகன். கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறான். ஓய்வு நேரத்தில் பூட்டுகளைப் பிரித்து மறுபடியும் சேர்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. அதற்கென்றே ஒரு தட்டு இருக்கிறதாம். யாரோ வரைந்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சிடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். அப்படி ஒன்றை எனக்கும் அச்சிட்டு, அந்த விதியோடு அனுப்பினான். பச்சை நிறத் தட்டு, வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு எண். கல்வி அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எண் போட்டது எதுவானாலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தட்டைப் பார்த்ததும் மரியாதை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தார். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பதில் வரவில்லை. பதில் வராத விண்ணப்பத்துக்கு ஞாபகக் கடிதம் போட வேண்டும் என்பது முறை. சித்தி அதையும் போட்டார். ஞாபகக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை. அதற்குள் டயகமவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள்: மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. "வேலை வந்தாத்தானே போறதுக்கு" என்றார் அப்பா. சித்தி அழுததை நான் பார்த்தேன். மாப்பிள்ளை கறுப்பாக இருப்பாரோ என்று பயந்து அழுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். சித்தி உடுத்தவேண்டிய சேலை அம்மாவின் கல்யாணச் சேலை. அதுவும் சங்கிலியும், சித்தியின் பரீட்சைச் சான்றிதழ்களும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டியின் பூட்டு மலைக்குளிரில் துரு ஏறி, சாவியைப் போட்டால் சண்டித்தனம் செய்யும். சனிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து, ஒரு பாடுபட்டு அதைத் திறந்தார்.

மாமா, அம்மாவுக்கு அண்ணன். தேயிலை பேக்டரியில் சல்லடை ரூமில் வேலை. அரைத்துக் காய்ந்த தூளைச் சலித்து, பெரியது முதல் பொடி வரை தரம் தரமாகப் பிரிப்பது அவர் தொழில். வீட்டில் வெங்காயத்தைக்கூட அப்படித்தான் பிரித்து வைப்பார்.

"திறந்ததோட விட்டா நாளைக்கு மறுபடி மக்கர் பண்ணும். கழட்டித் துடைச்சிருவோம்" என்று திண்ணமாகச் சொல்லி உட்கார்ந்தார். பூட்டின் வயிற்றிலிருந்து ஐந்து பித்தளைப் பின்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். அவற்றை எனாமல் தட்டில் வரிசையாக வைத்தார். எனக்கும், பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சித்திக்கும் பாடம் நடந்தது.

"நல்லாப் பாரு புள்ள. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பின்னு. சாவியோட பல்லு அதுக்குத் தக்கனதான் வெட்டியிருக்கும். ஒண்ணு மாறிச்சு, அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் தொறக்காது."

"அப்படிங்களாண்ணே" என்றார் சித்தி.

துடைக்க மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது. மாமா அடுத்த காம்பராவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, வாங்கப் போனார். சித்தி முறத்தை வைத்துவிட்டுப் பெட்டித் துணிகளை மடித்து அடுக்கினார். பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஒங்க மாமா வெச்சிருக்க லட்சணத்தப் பாரு" என்று என்னிடம் சொல்லி, பின்களை எடுத்துப் பெரியதிலிருந்து சின்னதாக, படிக்கட்டு மாதிரி, அழகாக வைத்தார். வைத்துவிட்டு மறுபடி அரிசி புடைக்கப் போய்விட்டார்.

மாமா திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். வேறு தொழில் செய்கிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். சல்லடை ரூம்காரருக்கு அந்தச் சந்தேகம் வர வழியே இல்லை. பெரியது முன்னால், பொடி பின்னால்: அவர் கண்ணுக்கு அதைவிட ஒழுங்கு உலகத்தில் கிடையாது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, துடைத்து, அந்த வரிசையிலேயே உள்ளே போட்டார். அந்தப் பூட்டைத் திறக்கத்தான் சாவி வேண்டும்; பூட்ட, அழுத்தினால் போதும். பெட்டியில் மாட்டி அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். "கேட்டீங்களா சத்தத்த" என்றார் பெருமையாக. சோதித்துப் பார்ப்பது தன் வேலைக்கே அவமானம் என்று நினைப்பவர் அவர்.

காலையில் பெட்டி திறக்கவில்லை.

மாமா சாவிக்கு எண்ணெய் போட்டார். அப்பா பூட்டைத் தட்டினார். அம்மா இரண்டு பேரையும் திட்டினார். அப்பா கோடாலியை எடுத்தபோது அம்மா குறுக்கே வந்து நின்றார்: "பொண்ணு பாக்க வர்ற நாள்ல பூட்ட ஒடைக்கிறதா? வெளங்கிரும்." அதோடு கோடாலி மூலைக்குப் போனது. பக்கத்து வீட்டுச் சேலை ஒன்று வந்தது. நகை மட்டும் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா டீயைக் குடித்துக்கொண்டே சித்தியின் கழுத்தைப் பார்த்தார்.

"நகை?"

"பெட்டியில இருக்குங்க" என்றார் அம்மா.

"பெட்டி?"

"தொறக்க மாட்டேங்குதுங்க."

அந்தம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தொறக்க மாட்டேங்குதா, தொறந்தா உள்ள ஒண்ணும் இல்லையா?"

"என்னங்க பேசுறீங்க, நானே பூட்டுன பூட்டுங்க" என்று மாமா எழுந்தார். அதுதான் கோளாறு என்று அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளை நல்ல மனிதர், கறுப்பும் இல்லை. கூட வந்திருந்த தன் அக்காவின் கொண்டையூசியை வாங்கிப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு முயன்றார். ஊசி உள்ளேயே ஒடிந்தது. அந்தம்மா மகனைப் பார்த்து, "எந்திரிப்பா, பஸ்ஸு போயிரும்" என்றார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்று வரை சொல்லி அனுப்பவில்லை.

நடந்தது என்ன என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத சாட்சி சொல்வது எந்த விசாரணையிலும் வழக்கமில்லை.

அதற்குப் பிறகும் பூட்டை உடைக்க மாமா விடவில்லை. மானப் பிரச்சினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் லயத்தில் உள்ள சாவிகளை எல்லாம் இரவல் வாங்கிவந்து, பெட்டிக்கு முன்னால் பூசாரி மாதிரி உட்கார்ந்திருப்பார். சித்தி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்து, "பாவம்ண்ணே நீங்க" என்பார்.

சித்தியின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தபோதும் பெட்டி அப்படியே பூட்டித்தான் கிடந்தது. நேர்முகப் பரீட்சைக்குச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளோடு வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அப்பா கோடாலியைத் தேடினார்.

"ஒடைக்க வேணாம் அத்தான்" என்றார் சித்தி. தன் தலையணை உறையைப் பிரித்து, மடிப்புக் கலையாத சான்றிதழ்களை எடுத்துக் காட்டினார்.

"இத எப்பப் புள்ள பெட்டியிலேருந்து எடுத்த?" என்றார் மாமா.

"நீங்க மண்ணெண்ண வாங்கப் போனீங்களேண்ணே, அப்பத்தான் துணி மடிக்கையில எடுத்தேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

எல்லோரும் கடவுள் காப்பாற்றினார் என்றார்கள். மாமா கடவுளோடு சேர்த்துத் தன்னையும் கொஞ்சம் பாராட்டிக்கொண்டார். எனக்கு மட்டும் கவலையாக இருந்தது. எடுத்ததைத் திருப்பி வைக்கக்கூட ஞாபகமில்லாத ஒருவர் பள்ளிக்கூடத்தில் போய்ப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தூங்கச் சொன்னார்.