ஒலிக்காத ராஜா காசு

‘வெள்ளி பேசும், முகம் பேசாது’ என்றோ, ‘முகம் பேசும், வெள்ளி பேசாது’ என்றோ என் தாய்மாமன் சொல்வார். எது சரி என்று மறந்துபோயிற்று. வெள்ளிக்கடை வேலை என்பது நாள் முழுக்க அடுத்தவர் சந்தேகத்தைத் துடைத்துத் தருவது. கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு அது தெரியும். நாகப்பட்டினத்தில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது கடல் தாண்டித் திரும்பியிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த வெள்ளிக்கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது.

சளி பிடித்த ராஜா

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டென்மார்க்குத் துரை ஒருவர் மானேஜர். ஊர் திரும்புமுன், சமையற்காரி அஞ்சலையின் மகளுக்குக் கல்யாணப் பரிசாகத் தன் நாட்டுப் பழங்காசுகளை மாலையாக்கித் தரச் சொல்லி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். இலை போல் மெல்லிய வெள்ளி. கிரீடம் வைத்த ராஜா முகம். வழக்கப்படி ஒன்றைச் சலவைக்கல்லில் போட்டுப் பார்த்தேன். கணீரென்று வர வேண்டிய ஓசை வரவில்லை. உரைகல்லில் தேய்த்தால் நல்ல வெள்ளி. பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்த ராமு ஆசாரி சொன்னார்: “ராஜாவுக்குச் சளி போல. தொண்டை கட்டியிருக்கு.”

எந்தப் பக்கம் நேர்?

இயந்திரம் வராத காலத்தில், இரண்டு அச்சுக்கு நடுவே வெள்ளியை வைத்துச் சுத்தியலால் அடித்த காசுகள் என்று துரை இங்கிலீஷில் விளக்கினார். நான் ஆசாரிக்குத் தமிழில் சொன்னேன். ஒன்றில் கிரீடம் பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தது. இன்னொன்றில் அச்சு நழுவி ராஜாவுக்கு இரண்டு மூக்கு. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன் ஒருவன் கை அசைந்தது என் உள்ளங்கையில் கிடக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தலை நேராக நிற்கும்படி வளையம் பற்றவைத்தால் பின்பக்கச் சிலுவை சாய்ந்தது. ஆசாரி கவலைப்படவில்லை. “சாயட்டும் தம்பி. அடிச்சவன் அன்னைக்குக் கள்ளுக்கடை வழியா வந்திருக்கான்.”

தாம்பாளம்

துரை கப்பலேறிய மறுவாரம் அஞ்சலை மாலையோடு வந்தாள். சம்பந்தியம்மாள் அதைத் தாம்பாளத்தில் போட்டுப் பார்த்தாளாம். ஓசை வராததால் தகரம் என்றுவிட்டாளாம். உருக்கிக் கொலுசு செய்யலாமே என்றேன், மனமில்லாமல்.

“உருக்கினா, தகரம்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும்யா. எம்பொண்ண ஆயுசு பூரா தகரக்காரின்னு கூப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமை கல்யாணம். நீங்க வந்து சொல்லுங்க.”

வாயால் சொன்னால் நம்புவார்களா? கண்முன் உரைத்துக் காட்ட வேண்டும். கடையின் உரைகல் வாசல் தாண்டினால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்பது முதலாளியின் நம்பிக்கை. அஞ்சலை போனபின் ஆசாரி மெதுவாகச் சொன்னார்: “கல்லு வெளிய போனா உன் வேலையும் போயிடும் தம்பி. யோசிச்சுக்க.”

வெள்ளிக்கிழமை காலை, உரைகல்லை மடியில் கட்டிக்கொண்டு கிள்ளான் ரயிலில் ஏறினேன்.