இங்கால என்றால் எந்தப் பக்கம்

1. பதினொன்று முப்பது

ரொறன்ரோ நேரம் காலை பதினொன்று முப்பதுக்கு வரவேண்டிய மெசேஜ் வரவில்லை. அன்று வியாழக்கிழமை. மலைப் பக்கம் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பின்னால் என்பதால் அங்கே ஒன்பதரை.

எங்கள் கம்பனி ஆட்களை ரொக்கி மலைக்கு ஸ்கீ ருவர் கூட்டிக்கொண்டு போகிற கம்பனி. லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குகிற விளையாட்டு அல்ல இது. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்று ஒரு பட்டையை ஒட்டி, பனியில் நடந்தே மலை ஏறவேண்டும். மேலே போனதும் பட்டையைக் கழற்றிவிட்டு மறுபக்கம் சறுக்கி இறங்கவேண்டும். பின்னேரம் ஹட் என்கிற மலைக் குடில் ஒன்றில் தங்கி, விடிய அடுத்த ஹட்டுக்கு. ஐந்து நாள், நான்கு ஹட். வழிகாட்ட ஒரு கைட், ஒரு உதவி கைட், ஐந்து வாடிக்கையாளர்.

மலை மேற்கே இருந்தாலும் அலுவலகம் மிசிசாகாவில், ஒரு ரயர் கடைக்கு மேல்மாடியில். அங்கே ஒப்பரேஷன்ஸ் டெஸ்க் என்னுடையது. குழு இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வேலை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் உதவி கைட்டாகப் போயிருந்தவள் என் மகள் நிவேதா. வயது இருபத்துநான்கு. அவளுக்கு அந்த ஆசை வந்ததற்கு நான்தான் காரணம். மலை வரைபடங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பாள். பல்கலைக்கழகம் முடித்ததும், கைட் பயிற்சிக்குப் போகிறேன் என்றாள். நான் அழாத குறை.

போவதற்கு முதல் ஒரு நிபந்தனை போட்டேன். ஒவ்வொரு நாளும் டெஸ்க்குக்கு வரும் மெசேஜின் கடைசியில் எனக்காகத் தமிழில் ஒரு சொல் இருக்கவேண்டும். அவள் ஒவ்வொரு நாளும் 'சாப்பிட்டம்' என்று ஆங்கில எழுத்தில் போடுவாள். அது ஏதோ ஒரு ஹட்டின் பெயர் என்று எங்கள் கணக்காளர் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வியாழன் மூன்றாம் நாள், இரண்டாவது ஹட்டிலிருந்து மூன்றாவது ஹட்டுக்கு. நடுவில் ஒரு பாஸ் இருக்கிறது, இரண்டு சிகரத்துக்கு இடையில் உள்ள கணவாய். கிழக்குப் பக்கம் ஏற்றம், மேற்குப் பக்கம் இறக்கம். பாஸைக் கடந்ததும் மெசேஜ் போடவேண்டும் என்பது விதி. பதினொன்று முப்பதுக்கு வரவில்லை. அரை மணித்தியாலம் பொறுக்கலாம் என்பதும் விதி. பன்னிரண்டுக்கும் வரவில்லை. குழுவிடம் இருந்த சட்டலைட் போனுக்கு அடித்தேன். பற்றரியைச் சேமிக்க அதை நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று தெரிந்தும் அடித்தேன்.

பன்னிரண்டு பதினாலுக்கு அந்தச் சட்டலைட் போனிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. முதல் பாதி ஆங்கிலம்: கைட்டின் கால் முறிவு, மற்ற ஆறு பேருக்கும் காயமில்லை, இடம் காட்டுகிற மெசெஞ்சர் கருவி தொலைந்துவிட்டது, ஹெலிகொப்டர் தேவை. மிச்சம் ஆங்கில எழுத்தில் தமிழ்:

"பாஸுக்கு இங்கால நிக்கிறம் அப்பா. பற்றரி முடியுது."

இங்கால என்றால் இந்தப் பக்கம், அங்கால என்றால் அந்தப் பக்கம். உடனே திருப்பிக் கேட்டேன், கிழக்கா மேற்கா என்று. பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். பற்றரி முடிந்துவிட்டது.

2. ரக்சிக்காரரின் இங்கால

டெஸ்க் வேலைக்குப் புதிதாக வரும் இளம் ஆட்கள் இதை வாசிப்பதால் ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முதல் ரெக்ஸ்டேலில் ஒரு ரக்சி டிஸ்பாட்ச்சில், சாரதிகளை ரேடியோவில் அனுப்புகிற வேலையில், ஒன்பது வருடம் இருந்தேன். எங்கள் சாரதிகள் பாதிப்பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று ரேடியோவில் கேட்டால், "இங்கால நிக்கிறன் அண்ணை" என்று பதில் வரும். எதுக்கு இங்கால என்று கேட்டால், "பாலத்துக்கு இங்கால" என்பார்கள். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி பாலத்துக்கு அந்தப் பக்கம் குளிரில் நின்று என்னைத் திட்டுவாள். கடைசியில், இங்கால, அங்கால என்று ரேடியோவில் சொல்பவருக்கு அடுத்த விமான நிலைய ஓட்டம் கிடையாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். ஒரே கிழமையில் எல்லோருக்கும் வடக்கு, தெற்கு தெரிந்துவிட்டது.

அப்படி ஊருக்கெல்லாம் படிப்பித்தவனுக்கு, சொந்த மகளிடமிருந்து வந்த மெசேஜில் அதே சொல்.

3. நாற்பது நிமிடம்

எங்கள் மேலாளர் ஜெசிந்தா அக்கா மன்னார்க்காரி. இருபது வருடமாக மலைப் பயணம் நடத்துகிறவர், பனிச்சறுக்குக் கட்டையில் ஒருநாளும் ஏறாதவர். ஒரு போனில் மீட்புக் குழுவைப் பிடித்து வைத்துக்கொண்டு மெசேஜைப் பார்த்தார்.

ஹெலிகொப்டர் தயார் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் புயல் வருகிறது, நாற்பது நிமிடம்தான் பறக்கலாம். பாஸ் ஏற்கெனவே முகிலுக்குள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றதுக்குத் தாண்டிப் போக முடியாது, சுற்றிப் போக நேரமில்லை. ஒரு பக்கத்தைச் சொல்லுங்கள், அது பிழையாகிப்போனால் அடுத்த முயற்சி நாளை விடியத்தான் என்றார்கள். குழுவிடம் கூடாரம் இல்லை. இரவு அங்கே எத்தனை பாகைக்கு இறங்கும் என்பது என் திரையில் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

"மேற்கெண்டு சொல்லுவம்" என்றார் ஜெசிந்தா அக்கா. "ஒன்பதரைக்கு அவை பாஸைக் கடந்திருக்கோணும். அதோட ஏறேக்க ஆர் தம்பி கால் முறிக்கிறது? ஏறுறது ஆமை வேகம். சறுக்கி இறங்கேக்கதான் முறியும். இறக்கம் மேற்கில."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வேறு யாருடைய பிள்ளையாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அக்கா, அவள் இங்கால எண்டு எழுதியிருக்கிறாள்."

"எனக்கும் தமிழ் தெரியும். இங்கால எண்டா அவை நிக்கிற பக்கம். அவை எங்க நிண்டாலும் அது இங்காலதானே. அதில என்ன இருக்கு?"

"அவளின்ரை தமிழில அப்பிடி இல்லை."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் வீடு அஜக்ஸில், 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே. நிவேதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் மனைவியும் மாறி மாறி வேலை. பிள்ளையைப் போனில்தான் வளர்த்தோம். நான் மிசிசாகாவில் இருந்தாலும் சரி, ரெக்ஸ்டேலில் இருந்தாலும் சரி, "இருட்ட முதல் 401க்கு இங்கால வந்திடோணும்" என்றுதான் சொல்லுவேன். வீட்டுப் பக்கம் வா என்று அர்த்தம். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இங்கால என்றால் வீடு இருக்கிற பக்கம். அவள் எங்கே நின்றாலும் அதுதான்.

அவளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, ஒரு சிநேகிதி வீட்டிலிருந்து கூட்டிவரச் சொல்லி அடித்தாள். நான் வேலை முடிந்து 401க்கு வடக்கே வந்துகொண்டிருந்தேன். அவளும் வடக்கேதான் நின்றாள். ஆனால் "401க்கு அங்கால நிக்கிறன் அப்பா" என்றாள். தான் நிற்கிற இடத்தையே அங்கால என்று ஆராவது சொல்லுவினமோ? நான் நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே போய் ஒரு கோப்பிக் கடை வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்றைக்கும் சிரிப்போம்.

இதை ஜெசிந்தா அக்காவுக்கு ஒரு நிமிடத்துக்குள் சொன்னேன். மீட்புக் குழு போனில் காத்திருந்தது.

"அப்ப அவள் இங்கால எண்டது?"

"எங்கட பக்கம். ரொறன்ரோ பக்கம். கிழக்கு. மேற்கில நிண்டிருந்தா அங்கால எண்டு எழுதியிருப்பாள்."

"நிச்சயமோ?"

"ஓம்" என்றேன். நிச்சயமில்லை. பத்து வருடத்தில் ஒரு பிள்ளை தமிழைத் திருத்திக்கொள்ளாதா? மலையில் நின்று பேசுகிறவளுக்கு 401 ஞாபகம் வருமா?  

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"நீரே சொல்லும். பிழைச்சா ரெண்டு பேரும் சேர்ந்து பிழைச்சம்."

கிழக்குப் பக்கம் என்று சொன்னேன். இரண்டாவது ஹட்டிலிருந்து பாஸ் வரைக்குமான பாதையைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒதுங்கக்கூடிய இரண்டு பாறை மறைவுகளின் இடத்தை வரைபடத்திலிருந்து வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. ஒன்பது வருட ரேடியோ அதற்கு உதவியது.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு ஹெலிகொப்டர் எழும்பியது. மனைவிக்கு நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதிருப்பேன், டெஸ்க்கில் அழ முடியாது. அதற்கான பேச்சை இரவு வீட்டில் முழுமையாக வாங்கினேன், அது நியாயம்தான்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. மீட்புக் குழுவின் பெண் பேசினாள். கிழக்குச் சரிவு, முதலாவது பாறைக்குக் கீழே, செம்மஞ்சள் தார்ப்பாய் ஒன்று. ஏழு பேர். ஒரு ஆள் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறாள்.

ஜெசிந்தா அக்கா சிலுவை போட்டார். பிறகு கேட்டார்:

"உவளுக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?"

"நான்தான்."

"நல்ல காலம் பிழையாப் படிப்பிச்சனீர்."

அலுவலகம் முழுக்கச் சிரித்தது. கணக்காளர் கீழே ரயர் கடைக்கு ஓடிப்போய் அங்குள்ள ஆட்களுக்கும் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மேலே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாரை எங்கே மீட்டது என்று அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை, ஆனால் நல்ல செய்தி என்று விளங்கியது.

4. என்ன நடந்தது

பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து நிவேதா பேசினாள். பாஸுக்கு நூறு மீற்றர் கீழே காற்று ஆளைத் தள்ளியிருக்கிறது. கைட் சரியான முடிவு எடுத்தார், திரும்புவோம் என்றார். ஸ்கின்னைக் கழற்றிவிட்டு வந்த பக்கமே இறங்கத் தொடங்கினார்கள். முதலாவதாக இறங்கிய கைட் உறைபனியில் வழுக்கிப் பாறையில் மோதினார். தோளில் கொழுவியிருந்த மெசெஞ்சர் பனி வெடிப்புக்குள் போய்விட்டது. ஏறுகிற பக்கத்திலும் இறக்கம் வரலாம் என்பதை நானும் ஜெசிந்தா அக்காவும் யோசிக்கவில்லை.

கைட்டின் காலை இரண்டு கம்பு வைத்துக் கட்டியதும், அவரை இழுத்துக்கொண்டு பாறை மறைவுக்கு வந்ததும், பனியைத் தோண்டி ஐந்து வாடிக்கையாளரையும் உட்கார வைத்ததும் என் மகள். அதை அவள் சொல்லவில்லை. கைட் பிறகு எழுதிய அறிக்கையில் வாசித்தேன்.

ஏன் தமிழில் எழுதினாய் என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் பார்ட் டெஸ்க்குக்கு எழுதினனான் அப்பா. பிறகு பயம் வந்திட்டுது. உங்களுக்கு எழுதினன்."

இப்போது எங்கள் கம்பனியில் புதிய விதி இருக்கிறது. எந்த மெசேஜிலும், எந்த மொழியிலும், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எழுதக் கூடாது. ஹட்டின் இலக்கத்தைச் சொல்லி, அதற்குக் கிழக்கா மேற்கா என்று திசையை எழுதவேண்டும். பயணத்துக்கு முதல்நாள் ஒவ்வொரு கைட்டையும் நானே கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேச வைக்கிறேன். வரைபடத்தைக் காட்டி, இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்கிறேன். டெஸ்க்குக்கு வருகிற இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வரைபடத்தைப் படிப்பது பாதி வேலை, உங்கள் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று படிப்பது மற்றப் பாதி. பயந்துபோன ஆள் விதிப்புத்தகத்தின் மொழியில் எழுதமாட்டார். வீட்டு மொழியில்தான் எழுதுவார்.

இவ்வளவு எழுதியும், பதினொன்று முப்பதுக்கு இன்னும் போனை எடுத்துப் பார்க்கிறேன். வேலையில்லாத நாளிலும்தான்.

ஞாயிறு பின்னேரம் அவள் வந்த விமானம் இறங்கியது. நான் முன்னதாகவே போய், வருகை வாசலுக்கு எதிரே, வீதியின் மறுகரையில் வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். பஸ்களும் வான்களும் நடுவில் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் தெரியவில்லை. போன் அடித்தது.

"அப்பா, ரோட்டுக்கு அங்கால நிக்கிறன்" என்றாள். "நீங்கள் அசையாதேங்கோ. நான் இங்கால வாறன்."