தம்பிக்கு அனுப்பிய டானிக்

என் தம்பியின் ஈறுகளில் இரத்தம் கசிந்தபோது, அவன் யாருக்கும் தெரியாமல் புகையிலை மெல்லுகிறான் என்றே முடிவு செய்தேன். கடப்பாக்கத்தில் அவன் வீட்டுக் கூடத்தில், அவன் மனைவியின் காதுபட, "நம்ம குடும்பத்துல இந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது" என்றேன்.

"சத்தியமா தொட்டதில்லண்ணா" என்றான். நான் நம்பவில்லை. ஆயினும் அண்ணன் என்ற முறையில், இழந்த இரத்தம் ஊறட்டும் என்று இரும்புச்சத்து டானிக் வாங்கி மாதந்தோறும் அனுப்பிவந்தேன்.

இரண்டு ஆண்டுகளில் என் ஈறுகளும் கசியத் தொடங்கின. கல்லூரியில் முப்பதாண்டுகள் பாடம் நடத்தியவன், துண்டின் நுனியால் வாயை மறைத்துக்கொண்டு பேசலானேன். அதே டானிக்கை நானும் குடித்தேன்.

செங்கல்பட்டில் நான் பார்த்த பல் மருத்துவர் வயதில் சிறிய பெண். ஈறுகளைச் சோதித்தவர், கருத்துப்போன என் தோலையும் சர்க்கரை நோயையும் பற்றி விசாரித்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது.

"இது பரம்பரையா வர்றது சார். அப்பப்போ ரத்தம் எடுத்துத்தான் குறைப்பாங்க, அதுக்குப் பெரிய டாக்டரைப் பாருங்க. அந்த டானிக்கை முதல்ல தூக்கிப் போடுங்க. அது உள்ள போற வரைக்கும் ஈறும் அடங்காது. கூடப்பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் டெஸ்ட் பண்ணணும்."

"யாரும் இல்லை" என்றேன்.

பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பரம்பரை நோய் என்ற பேச்சு வெளியே போகக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. தம்பியிடம் சொன்னால், புகையிலைப் பழியையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும். பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் காலையில் அவன் இரண்டு மூடி டானிக் குடித்திருப்பான். நான் சொன்னதைத் தவறவிடாதவன்.

பன்னிரண்டாம் நாள் பேருந்து ஏறினேன். அவன் வீட்டு அலமாரியிலிருந்த புட்டியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் காலிப் புட்டியை எடுத்து மூடினான். பிறகு, "அப்போ நான் பொகையில போடலன்னு இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்றான்.

"ஒத்துக்கறேன்."

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவகிட்ட சொல்லுங்கண்ணா. இன்னிக்கும் என் சட்டப் பைய மோந்து பாத்துகினு கீறா."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா?"

துண்டு தானாக வாய்க்கு ஏறியது. அதை இறக்கிவிட்டுச் சொன்னேன்.

பரிசோதனையில் அவனுக்கும் அதே இரும்புதான். ஈறுகளைக் காட்ட அந்தப் பல் மருத்துவரிடமே அவனை அழைத்துப் போனேன். "இவர் யாரு சார்?" என்று அவர் கேட்டார்.