எடைக்கு எடை வெல்லம்

எனக்கும் அசதிக்கும் பல வருடப் பழக்கம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அன்றைய உழைப்பு முடிந்தது. பிறகு மெஷின் வேலை செய்யும், நான் அதன் மேல் சாய்ந்திருப்பேன். தூங்கி எழுந்தால், படுக்கும்போது இருந்ததைவிடக் களைப்பாக இருக்கும். டாக்டர்கள் சத்து மாத்திரை கொடுத்தார்கள், தெருவில் சோம்பேறி என்று பட்டம் கொடுத்தார்கள். இரண்டில் பட்டம்தான் உடம்பில் ஒட்டியது.

என் மனைவி கல்வராயன் மலையில் ஒரு சாமிக்கு வேண்டிக்கொண்டாள்: அசதி போனால் என் எடைக்கு எடை வெல்லம். சாமி அசையவில்லை.

"முதல்ல குடுத்துடலாம். வாங்கிக்கினு சும்மா இருப்பாரா?" என்றாள்.

அவள் தம்பி சங்கராபுரம் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவன். தை மாதம், கரும்பு ஆடும் நேரத்தில், கொட்டகைத் தராசில் என்னை உட்காரவைத்து எதிர்த்தட்டில் அச்சு வெல்லத்தை அடுக்கினான். "வேலைக்குத்தான் ஆவல மாமா, எடைக்காவது ஆவுறியே!"

மூட்டைகள் எங்கள் வீட்டு மூலைக்கு வந்தன. சாமிக்கு நிறுத்த வெல்லம், காபிக்குக்கூட ஒரு துண்டு எடுக்கக் கூடாது. அந்த வாரமே மலையேறுவதாக ஏற்பாடு. கிளம்பும் நாளில் நான் படுத்துவிட்டேன். அடுத்த முறையும் படுத்தேன். இப்படியே ஆடி வந்துவிட்டது.

இடையில் என் உடம்புக்கு என்ன ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. நான் கட்டுவது வேட்டி. பேண்ட்டாக இருந்தால் இடுப்பில் நிற்காமல் காட்டிக் கொடுத்திருக்கும். வேட்டி எவ்வளவு சுற்றினாலும் போகும். ஒரு நாள், வெகுகாலம் கழித்து வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓனரு இல்லியா? நீ அவரு தம்பியா?"

எனக்குத் தம்பியே கிடையாது. "ஆமா, அண்ணன் வூட்ல படுத்துக்கினு கீறாரு" என்றேன். வீட்டில் இதைச் சொல்லி நானே சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

ஆடியில் மூன்று பேரும் மூட்டைகளோடு மலை பஸ் ஏறினோம். கோயிலில் பட்டப்பகலிலேயே மூட்டம் இறங்கி, எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. துலாபாரத் தட்டில் நான் உட்கார்ந்தேன். மச்சான் எதிர்த்தட்டில் தையில் நிறுத்த வெல்லம் முழுவதையும் அடுக்கினான். முக்கால்வாசி அடுக்கியதுமே நான் மேலே போனேன். போனவன் இறங்கவே இல்லை.

"சாமி என்னைத் தூக்கிக் கொஞ்சுறாரு" என்றேன்.

மச்சான் ஒரு அச்சை எடுத்துக் கீழே வைத்தான். தட்டு அசையவில்லை. இன்னொன்று. இன்னும் ஒன்று. பிறகு கை கையாக எடுக்க ஆரம்பித்தான். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சங்கிலி கிறீச்சிட்டது.

"வெல்லம் ஈரம் இழுத்திருக்கும்டா" என்றாள் மனைவி.

"ஈரம் இழுத்தா கசியும்க்கா. இது காஞ்சி கீது."

முள் நேராக நின்றபோது, தரையில் எடுத்து வைத்த வெல்லம் ஒரு குவியலாக இருந்தது. மூட்டத்தில் பார்க்க, ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. அதை மூட்டையில் திரும்பக் கட்டப் போன மச்சானைப் பூசாரி தடுத்தார்.

"அதுவும் இங்கயே இருக்கட்டும். அதுவும் இவருதான். முன்னாடியே வந்துட்டாரு."

நான் அதற்கும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துத் தட்டிலிருந்து இறக்கினாள். பொங்கல் வைக்கவில்லை, திருநீறு வாங்கவில்லை. பஸ்ஸில் என் மணிக்கட்டை விடவே இல்லை. "கம்மியாய்க்கினே போறியே. ஒருநாள் பாய சுருட்டும்போது நீ இல்லாமலே பூட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்றாள். வளைவுக்கு வளைவு இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

நேராகக் கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் போனோம்.

"இன்னா பண்ணுது?"

"அசதிங்க. பழசு" என்றேன்.

"எடை குறைஞ்சிருக்கா? எவ்ளோ?"

"கால் மூட்டை வெல்லம்ங்க" என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டார். "அசதி பழசு, சரி. மெலியறது புதுசு. எல்லாத்தையும் அசதி தலையிலயே கட்டினா எப்படி? இத தனியா பாக்கணும்."

எதையெல்லாமோ பார்த்தார்கள். மோசமான வியாதிகள் ஒவ்வொன்றாக இல்லை என்று ஆகும்வரை மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அகப்பட்டது கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி. அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். என் உடம்பில் வேலை செய்யும் ஒரு பொருள் இருக்கிறது என்று ஊரே ஆச்சரியப்பட்டது.

மாத்திரையில் எடை மெல்லத் திரும்பியது. அசதி முழுக்கப் போகவில்லை, பழைய சிநேகிதன் ஆயிற்றே. மனைவி துலாபாரப் பேச்சையே எடுப்பதில்லை. வீட்டுக்குள் அச்சு வெல்லம் வருவதில்லை, சர்க்கரைதான்.

பிறகு ஒரு நாள் அந்தப் பழைய வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க ஓனரே! ஒடம்பு தேவலியா? நடுவுல உங்க தம்பி குந்திக்கினு இருந்தாரு. பாவம், நல்ல மனுசன்." கடைக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க பூட்டாரு அவரு?"

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு வாயிலிருந்து வந்தது இதுதான்: "மலைக்குப் போனாருங்க. அங்கயே இருந்துட்டாரு."

அவர் தலையாட்டிக்கொண்டு காகிதத்தை நீட்டினார். நான் மெஷினின் மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து மூடினேன்.